காலர் மைக் கிளிப் மட்டும் தனியாக, மலிவாகக் கிடைக்குமா?

கரிசல்குரல்:

வணக்கம். எனக்கு விளாத்திகுளம் பக்கம். வார நாட்களில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய், வயதான ஆச்சிமார் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, களையெடுப்புப் பாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கிறேன். ஐந்து வருடமாக இது நடக்கிறது. பாடத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அதனால் ஒரு ஞாயிறைக்கூட விட மனசு வருவதில்லை.

என்னிடம் நான்கு காலர் மைக் இருக்கின்றன. நான்கும் ஒரே மாதிரி. செல்போனில் நேராகச் செருகும் வகை, ஆறு மீட்டர் ஒயர், நடுவில் பட்டன் பேட்டரி போடும் சின்ன டப்பா. ஒன்று எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது. நான்கும் இன்றுவரை நன்றாக ஒலி பிடிக்கின்றன. போனது கிளிப்தான். ஒன்று பருத்திக் காட்டில் விழுந்து, தேடியும் கிடைக்கவில்லை. ஒன்றில் மைக்கைப் பிடிக்கும் வளையம் விரிந்து உடைந்தது. இன்னொன்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து வாய் மூட மறுக்கிறது. மிச்சம் ஒரே ஒரு நல்ல கிளிப். இரண்டு பேர் சேர்ந்து பாடும்போது அதை யாருக்கு மாட்டுவது என்று ஒவ்வொரு முறையும் நிற்கிறேன்.

இணையத்தில் தேடினால் மூன்று கிளிப் கொண்ட ஒரு பாக்கெட் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று காட்டுகிறது. அதற்கு மைக்கே வாங்கிவிடலாம். மலிவாக வேறொரு பாக்கெட் கிடைத்தது, நூற்றெண்பது ரூபாய்க்கு ஐந்து. ஆசையாக வாங்கினேன். வளையம் பெரிதாக இருக்கிறது, மைக் உள்ளே நிற்காமல் வழுக்கி விழுகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்தும் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

இப்போதைக்கு ஊக்கும் ரப்பர் பேண்டும் வைத்து ஓட்டுகிறேன். போன மாதம் எண்பத்து நான்கு வயது ஆச்சி ஒருவர் தன் தம்பி இறந்தபோது பாடிய ஒப்பாரியைப் பாடினார். பாதியில் ரப்பர் பேண்ட் நழுவி, மைக் சேலை மடிப்புக்குள் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் பதினோரு நிமிடம் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கிறது. மறு வாரம் போய் இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டேன். "அழுததத் திருப்பி அழச் சொல்லாதய்யா" என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

அதனால்தான் இங்கே கேட்கிறேன். என் மைக்குக்குப் பொருந்தும் கிளிப்பை எந்த அளவு சொல்லி, எங்கே வாங்க வேண்டும்? பழைய மெல்லிய நூல் சேலையில் கடித்தால் நூல் இழுக்காத கிளிப் உண்டா?


உறையூர் ஸ்டூடியோ:

அண்ணே, ஒப்பாரி விஷயம் படிக்கவே கஷ்டமாக இருந்தது. நான் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கிளிப் தொலைப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மாப்பிள்ளை சட்டையில் மாட்டிய கிளிப் தாலி கட்டி முடித்ததும் மாலையோடு போய்விடும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். கிளிப்பை மைக் கம்பெனி பெயர் சொல்லித் தேடாதீர்கள். அப்படித் தேடினால்தான் தொள்ளாயிரம் காட்டும். கிளிப் என்பது இரண்டு பகுதி: துணியைக் கடிக்கும் வாய், மைக்கைப் பிடிக்கும் வளையம். வாய் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வளையத்தின் உள்விட்டம்தான் மாறும். 5 மி.மீ., 6, 7, 8, 9, 10 என்று மி.மீ. கணக்கில்தான் விற்கிறார்கள். உங்கள் மைக்கின் உடம்பு எத்தனை மி.மீ. என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் பரவாயில்லை. ஒரு மெல்லிய காகிதப் பட்டையை மைக்கின் உடம்பைச் சுற்றி ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் கோடு. பிரித்து ஸ்கேலில் வைத்து மி.மீ. பாருங்கள், 3.14 ஆல் வகுங்கள். அதுதான் விட்டம். தலைப்பக்கம் இருக்கும் வலையையோ ஒயர் நுழையும் வாலையோ அளக்காதீர்கள், வளையம் உட்காரும் நடு உடம்பை அளங்கள். வளையம் அதைவிடக் கால் அல்லது அரை மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்து கவ்விப் பிடிக்கும். சமமாக இருந்தால் இன்றைக்கு நிற்கும், ஒரு மாதத்தில் தளரும்.

சென்னை வந்தால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போங்கள். மைக்கைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பெரிய கடைகளில் "மைக்கோடதான் வரும்" என்பார்கள். ரிப்பேர் செய்யும் சின்னக் கடைகளில் பழைய மைக்கிலிருந்து கழற்றிய கிளிப்பை டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே கேளுங்கள். இரும்பு வாயா பிளாஸ்டிக் வாயா என்றால், உங்கள் வேலைக்கு நான் பிளாஸ்டிக்தான் சொல்வேன். இரும்புப் பல் பட்டுச் சேலையில் நூலை இழுத்து ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பெரிய பேச்சு வாங்கிக் கொடுத்தது.

அப்புறம் ஒன்று. கிளிப் மாட்டும்போது ஒயரை அப்படியே தொங்க விடாதீர்கள். மைக்குக்குக் கீழே ஒரு சின்ன வளையமாக மடக்கி, அதையும் கிளிப்பின் வாய்க்குள் சேர்த்துக் கடிக்க விடுங்கள். யாராவது ஒயரை இழுத்தால் அந்த மடிப்புதான் இழுபடும், மைக் அசையாது. ஒயர் துணியில் உரசும் சத்தமும் மைக்குக்கு ஏறாது. நான் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.


கரிசல்குரல்:

அளந்துவிட்டேன். காகிதம் 26 மி.மீ. வந்தது. வகுத்தால் 8.3 கிட்ட. டிராயரில் கிடக்கும் ஐந்து கிளிப்பின் வளையத்தையும் பார்த்தேன், உள்விட்டம் 10. அதனால்தான் நிற்கவில்லை. வாங்கும்போது அளவு போட்டிருந்ததா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன், படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அந்த மைக் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுத் தடிமனாக்கலாமா? எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் சொன்னார்.


காவிரிக்கரை வானொலி:

தம்பி, மைக் மேல் ஹீட் ஷ்ரிங்க் போட்டு நெருப்புக் காட்டிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரெட் சவ்வு நிரந்தரமாக ஏற்றி வைத்த மின்னூட்டத்தில்தான் வேலை செய்கிறது. அதிகச் சூடு பட்டால் அந்த மின்னூட்டம் குறையும், மைக் மங்கிப்போகும். எண்ணூற்றைம்பது ரூபாய் போய்விடும்.

அதற்குப் பதில் பஞ்சர் கடைக்குப் போய் பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு கேளுங்கள். மைக்கின் நடு உடம்பு அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி ஒரே ஒரு சுற்று. டியூப் ரப்பர் ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8.3 கூட 2, 10.3. உங்கள் 10 மி.மீ. வளையத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். தூக்கிப்போட்டிருக்கும் ஐந்து கிளிப்பும் பிழைத்துவிடும். தலைப்பக்க வலையை மட்டும் ரப்பர் மூடக்கூடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கிளிப் துணியில் உரசும் அதிர்வை ரப்பர் பாதி விழுங்கிவிடும். நல்ல கிளிப் இருக்கும் மைக்குக்கும் நான் ரப்பர் சுற்றித்தான் வைப்பேன்.

நான் டெல்டாவில் சமுதாய வானொலியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். நடவுப் பாட்டுக்காரப் பெண்களைத்தான் அதிகம் பதிவு செய்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது சேலைக்கு, கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சேலையின் உடலில் மாட்டாதீர்கள், கரையில் மாட்டுங்கள். கரை நெருக்கமாக நெய்தது, கடித்தாலும் தாங்கும். கிளிப்பின் வாய்க்குள் இரண்டு பக்கமும் துணி பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி விடுங்கள். பல் நேரடியாக நூலில் படாது, வழுக்கவும் வழுக்காது. ரவிக்கை போடாத ஆச்சிமார் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் மாட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் பேத்தியிடமோ மருமகளிடமோ கிளிப்பைக் கொடுத்து, எங்கே மாட்ட வேண்டும் என்று உங்கள் சட்டையில் மாட்டிக் காட்டுங்கள். அது மரியாதையும்கூட, ஆச்சியும் கூச்சமில்லாமல் பாடுவார்.

இடம்: மோவாய்க்குக் கீழே ஒரு சாண், நெஞ்சின் நடுவில். தோள் பக்கம் வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் பாம்படம் (காதில் தொங்கும் கனமான நகை) போட்டவர்கள் இன்னும் இருந்தால், தலை ஆடும்போது அது தோள்கிட்ட வந்து சத்தம் கொடுக்கும். பாசிமணி தொங்கும் இடத்திலும் மாட்டாதீர்கள். ஒப்பாரியில் குரல் திடீரென்று ஏறும் என்றால் இன்னும் நான்கு விரல் கீழே இறக்குங்கள். இந்த வகை மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். அதனால் தலைகீழாக, வலை தரையைப் பார்க்கும்படி மாட்டினாலும் குரலில் பெரிய வித்தியாசம் வராது. மூச்சுக்காற்று நேராக அடிக்காது என்பது லாபம். வயதானவர்களுக்கு இளைப்பு இருக்கும் இல்லையா, அவர்களுக்கு நான் எப்போதும் தலைகீழாகத்தான் மாட்டுவேன்.

சட்டை போடாத தாத்தாமாருக்குக் கிளிப்பே வேண்டாம். மருந்துக்கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் காகிதம் மாதிரி ஒரு பிளாஸ்டர் கொடுப்பார்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒயரை நெஞ்சில் அதால் ஒட்டுங்கள், மைக்கின் தலை மட்டும் வெளியே. எடுக்கும்போது தோல் உரியாது. மெதுவாக, முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே எடுங்கள்.

அவசரத்துக்கு ஒன்று: எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சின்ன கருப்பு பைண்டர் கிளிப், 19 மி.மீ. அளவு. அதன் இரண்டு கம்பிக் காதில் ஒன்றைப் பின்னால் மடக்கிவிட்டு, மற்றொன்றில் மைக்கை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பிடி இறுக்கமாக இருக்கும், மெல்லிய துணியில் தடம் விழும். அதனால் துண்டு, பனியன், சட்டைப் பட்டி மாதிரி தடித்த துணிக்கு மட்டும்.

கடைசியாக, இதைத் தயவு செய்து மனதில் வையுங்கள். காந்தத்தால் ஒட்டும் கிளிப் இப்போது நிறைய வருகிறது. துணியில் ஓட்டை விழாது, நூல் இழுக்காது என்பதால் உங்களுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் நீங்கள் பதிவு செய்வது எண்பது வயதுக்காரர்களை. அவர்களில் யாருக்காவது இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கலாம். பெரும்பாலும் அதை இடது காறை எலும்புக்குக் கீழேதான் வைப்பார்கள், நாம் மைக் மாட்டும் இடத்துக்கு மிகப் பக்கம். வலுவான காந்தம் அதன் வேலையை மாற்றிவிடும். 15 செ.மீ. தூரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பார்கள். ஆச்சியிடம் கேட்டால் "என்னமோ பெட்டி வச்சிருக்காக" என்றுதான் சொல்வார்கள், சில பேர் அதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் காந்தக் கிளிப்பை வயதானவர்களுக்கு நான் பயன்படுத்துவதே இல்லை.


மணல்மேடு:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒயர்லெஸ் செட் ஒன்று வாங்கிவிடலாமே. அதிலேயே கிளிப் இருக்கிறது.


காவிரிக்கரை வானொலி:

வாங்கலாம், சட்டைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிகளில் சில முப்பது கிராம் பக்கம் எடை. பழைய நூல் சேலையில் மாட்டினால் முன்னால் குனிந்து தொங்கும், துணி இழுபடும். ஆச்சி ஒவ்வொரு நிமிடமும் சேலையைச் சரிசெய்துகொண்டே இருப்பார். காலர் மைக்கின் தலை இரண்டு மூன்று கிராம்தான் வரும், மாட்டியதையே மறந்துவிடுவார்கள். மறந்தால்தான் பாட்டு வரும்.


பீளமேடு பட்டறை:

வளையம் உடைந்த கிளிப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள் ஐயா. வாய் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் த்ரீடி பிரிண்டில் போட்டுக்கொள்ளலாம். நான் பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்றுநர். மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக இந்த மாதிரி சின்னப் பொருளைத்தான் கொடுப்பேன். இரண்டு கிராம்கூட வராது.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். த்ரீடி பிரிண்டுக்கான பிளாஸ்டிக் வகைகளில் பிஎல்ஏ வேண்டாம், பெட்ஜி கேளுங்கள். பிஎல்ஏ விறைப்பு. விரிந்து சுருங்கும் வளையத்தில் சீக்கிரமே கீறல் விடும். அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகவும் தொடங்கும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் வளையம் வாயைப் பிளந்துவிடும். பெட்ஜி 80 வரை தாங்கும், வளைந்தும் கொடுக்கும். அடுத்தது, வளையத்தைப் படுக்க வைத்துத்தான் அச்சிட வேண்டும். நிற்க வைத்து அச்சிட்டால் அடுக்குகள் குறுக்கே விழுந்து, முதல் தடவை மைக்கைச் செருகும்போதே அடுக்கோடு பிரியும். உங்கள் 8.3 மைக்குக்கு உள்விட்டம் 8.0, சுவர் 1.6 மி.மீ., முழு வட்டமாக இல்லாமல் கால் பங்கு திறந்திருக்கும்படி போடச் சொல்லுங்கள்.

வாயோடு சேர்க்க பசை நம்பாதீர்கள். வளையத்தின் முதுகில் ஒரு துளை விட்டுப் போடச் சொன்னால், சின்ன ஸ்க்ரூவோ கேபிள் டையோ போட்டு இறுக்கிவிடலாம். கிளிப்பின் வாய்கூட வாங்க வேண்டியதில்லை. ஐடி கார்டு மாட்டும் கிளிப் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும், அதன் இரும்பு வாயின் பின்னால் துளை ஏற்கனவே இருக்கும்.


கரிசல்குரல்:

எல்லோருக்கும் பதில் சொல்ல இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஞாயிறு பதிவு முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன்.

சைக்கிள் டியூப்தான் வேலை செய்தது அக்கா. எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் காசு வாங்கவில்லை, எதற்கு என்று கேட்டுவிட்டு அவரே கத்தரியால் நான்கு பட்டை வெட்டிக் கொடுத்தார். முதல் பட்டை அகலமாகிவிட்டது, வலையில் பாதியை மூடியது. இரண்டாவதைக் குறைத்து வெட்டினோம். 10 மி.மீ. வளையத்துக்குள் மைக் டக்கென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினேன், விழவில்லை. நூற்றெண்பது ரூபாய் வீண் என்று நினைத்திருந்தேன். இப்போது நான்கு மைக்குக்கும் கிளிப் ஆகி, ஒன்று உபரியாகவும் இருக்கிறது. துணி பிளாஸ்டர் முப்பது ரூபாய். அதுதான் மொத்தச் செலவு.

வாய்க்குள் பிளாஸ்டர் ஒட்டியதும் கிளிப் சேலையில் தடம் வைக்கவில்லை. என் அம்மாவின் பழைய சுங்குடியில் ஒரு மணி நேரம் மாட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே கொண்டுபோனேன்.

போன ஞாயிறு இரண்டு ஆச்சிமார் சேர்ந்து களையெடுப்புப் பாட்டு பாடினார்கள். ஒருவர் முன்னால் எடுத்துக் கொடுக்க, மற்றவர் பின்னால் வாங்கிப் பாடுகிற பாட்டு. இதுவரை ஒரே மைக்கை நடுவில் வைத்துத்தான் பதிவு செய்தேன், வாங்கிப் பாடுபவர் குரல் எப்போதும் தூரத்தில் கேட்கும். இந்தத் தடவை ஆளுக்கு ஒன்று, ஒன்று என் போனில், இன்னொன்று அவர்கள் பேத்தியின் போனில். மாட்டியதும் பேத்திதான். ஒருவர் பாம்படம் போட்டிருந்தார். நடு நெஞ்சில் கரையில் மாட்டச் சொன்னதால் அதன் சத்தம் கொஞ்சம்கூட வரவில்லை. உறையூர் அண்ணன் சொன்ன ஒயர் மடிப்பும் போட்டேன். பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை ஒயரில் தடுக்கிவிட்டது. பதிவில் அது தெரியவே இல்லை.

பட்டறை ஐயா சொன்ன வளையத்தைக் கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனிடம் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பருத்திக் காட்டில் தொலைந்த மாதிரி இன்னொன்று தொலையும், அப்போது கையில் இருக்கட்டும்.

ஒப்பாரி பாடிய ஆச்சி வீட்டுக்கும் போனேன். பதிவு செய்யப் போகவில்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அந்தப் பதினோரு நிமிடத்தை ஹெட்போனில் அவரிடம் கேட்கக் கொடுத்தேன். சொல் தெளியாத இடங்களில் நிறுத்தி, என்ன சொல் என்று அவரே வாயால் சொன்னார், பாடாமல். நோட்டில் எழுதிக்கொண்டேன். முக்கால்வாசி வரி கிடைத்துவிட்டது. நான்கு இடத்தில் அவருக்கே நினைவு வரவில்லை. தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும் என்றார். தங்கச்சி இருப்பது நாகலாபுரத்தில். வருகிற ஞாயிறு அங்கே போகிறேன், இரண்டு மைக்கோடு.